வலப்பக்கத்து வரி

சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு சீனத் தம்பதி இருந்தார்கள். அன்ரி என் அம்மாவோடு கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கிள் வாய் ஓயாத மனிதர். சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் அங்கே ஓடிவிடுவேன். அங்கிள் சோபாவில் சாய்ந்தபடி ஒரு வரி சொல்வார். அன்ரி அதைச் சிவப்புத் தாளில் தூரிகையால் எழுதிவிட்டு, பதில் வரியைத் தானே யோசித்து எழுதுவார். இரண்டிலும் எழுத்துகளின் எண்ணிக்கை ஒன்றே. அவர் மலை என்றால் இவர் ஆறு என்பார். அவர் வருகிறது என்றால் இவர் போகிறது என்பார். அங்கிளின் வரியைக் கதவுக்கு வலப்பக்கமும் அன்ரியின் வரியை இடப்பக்கமும் ஒட்டுவார்கள். அந்த அழகில் நான் சொக்கிப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அம்மா சொல்லும் பதில்களைக் கதவில் ஒட்ட முடியாது.

எனக்கு ஒன்பது வயதான மார்கழியில் அங்கிள் இறந்துபோனார். புத்தாண்டு வந்தும் கதவு வெறுமையாகக் கிடந்தது. வாசலில் அவர் பனியில் போட்டு நடந்த சப்பாத்துகள் மட்டும் இருந்தன. முதல் வரி சொல்ல ஆளில்லாமல் அன்ரி தவிக்கிறார் என்று நானே முடிவுகட்டினேன். சிவப்புத் தாளை வெட்டி, யன்னலுக்கு வெளியே பார்த்து, தமிழில் ‘பனி போகும்’ என்று எழுதி வலப்பக்கத்தில் ஒட்டினேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு.

வேலையால் வந்த அம்மா தலையில் கை வைத்தார். “எங்கட வீட்டிலை ஒருத்தர் செத்தால் அந்த வருசம் நாங்கள் பொங்குறனாங்களே? அவைக்கும் மூண்டு வருசத்துக்குச் சிவப்பு ஆகாதாம். நட, மன்னிப்புக் கேள்!”

அழுதுகொண்டே போனேன். அன்ரி கோபிக்கவில்லை. என்ன எழுதியிருக்கிறாய் என்று ஜெர்மனில் கேட்டார். சொன்னேன். எழுத்துகளை விரலால் தொட்டு எண்ணினார், ஐந்து. பிறகு தாளை ஒரு மூலைகூடக் கிழியாமல் உரித்து உள்ளே கொண்டுபோனார். அந்தப் பொறுமையை இன்றும் வியக்கிறேன்.

மூன்று புத்தாண்டுகள் சிவப்பில்லாமல் போயின. நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். நான்காவதில் பள்ளியால் வந்து பார்த்தால், வலப்பக்கத்தில் என் கோணல் எழுத்து! இடப்பக்கத்தில், புதுத் தாளில், ஐந்து சீன எழுத்துகள். அர்த்தம் கேட்டேன்.

“காலடித் தடம் நிற்கும்” என்றார் அன்ரி.

பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? “பனி போனால் தடமும் போயிடுமே, அன்ரி” என்று அவரைத் திருத்தினேன். அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

அங்கிளின் சப்பாத்துகள் அப்போதும் வாசலிலேயே இருந்தன. நான் அவற்றைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் ஓடினேன், என் வரிக்குத்தான் அன்ரி பதில் எழுதியிருக்கிறார் என்று அம்மாவிடம் பெருமையடிக்க.