மூன்றாம் நம்பர் பாட்டில்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. ஆராய்ச்சிப் படிப்புக்காக மதுரையிலிருந்து திருவனந்தபுரம் போயிருந்தேன். சாலை என்ற பழைய பஜாரில் ஒரு பெருங்காயக் கடையின் மாடியில் அறை கிடைத்தது. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. முதல் வாரம் எனக்குத் தலையே சுற்றியது. இரண்டாவது வாரம் அந்த வாசனையே தெரியாமல் போய்விட்டது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் மட்டும் ஏன் காலியாகவே வருகிறது என்று நான் யோசித்ததுமில்லை.

என் ஆராய்ச்சி கச்சா எண்ணெய் பற்றியது. "நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா தம்பி?" என்று அண்ணாச்சி கேட்டார். பல கோடி வருஷத்துக்கு முன்னால் செத்துப் புதைந்த பாசியும் செடிகொடியும்தான் கச்சா எண்ணெய் ஆகிறது, எந்தப் பாசி, எந்தச் சேறு என்பதைப் பொறுத்து ஒவ்வொரு ஊர் எண்ணெய்க்கும் தனிக் கைரேகை உண்டு, கருவியில் ஒரு துளியை ஓட்டினால் அது எங்கே பிறந்தது என்று சொல்லிவிடலாம் என்று விளக்கினேன். "அப்போ எண்ணெய்க்கு ஜாதகம் பாக்குதீரு" என்று முடித்துவிட்டார்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் வலியதுறைக் கடற்கரையில் கறுப்பு கறுப்பாகத் தார் உருண்டைகள் ஒதுங்கின. மீனவர்களின் வலையெல்லாம் பாழ். அந்தப் பக்கமாகப் போன ஒரு கப்பல் கழிவு எண்ணெயைக் கொட்டியதாகச் சந்தேகம். அந்தக் கப்பலின் எண்ணெயில் கொஞ்சம் அதிகாரிகள் எடுத்து வைத்திருந்தார்கள். கரையில் கிடப்பதும் அதுவும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்லும்படி எங்கள் ஆய்வகத்துக்குக் கடிதம் வந்தது. பேராசிரியர் என்னை அனுப்பினார்.

நன்றாகக் கழுவிக் காயவைத்த இரண்டு கண்ணாடி பாட்டில்களோடு போனேன். மணலில் கிடந்த உருண்டைகளை எடுத்து இரண்டையும் நிரப்பினேன். கிளம்பும்போது ஒரு மீனவப் பெண் ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். அக்கா என்பதற்கு அங்கே சொல்கிறபடி, அவரைச் சேச்சி என்று கூப்பிட்டேன். "சாரே, மண்ணில உள்ளது மாத்திரம் போதுமா? எங்க வலையில உள்ளது வேண்டாமா?" என்று, வலையிலிருந்து பிய்த்த ஒரு பெரிய கட்டியை நீட்டினார். நியாயமான கேள்வி. நஷ்டம் வலைக்குத்தானே! ஆனால் பாட்டில் இல்லை. பையில் குண்டூசியும் ரப்பர்பேண்டும் போட்டு வைத்திருந்த ஒரு தகர டப்பா இருந்தது. அண்ணாச்சி கொடுத்த காலி பெருங்காய டப்பா. குண்டூசிகளைக் கொட்டிவிட்டு, கைக்குட்டையால் பலமாக ஒரு துடை துடைத்து, கட்டியை அதில் வைத்துக்கொண்டேன். ஆய்வகத்துக்கு வந்ததும் சுத்தமான பாட்டிலுக்கு மாற்றி 'மூன்று' என்று எழுதி ஒட்டினேன். டப்பாவை அத்தோடு மறந்தேன்.

முதல் இரண்டும் கப்பல் எண்ணெயோடு அச்சு அசலாகப் பொருந்தின. மூன்றாவதிலும் அதே கைரேகை இருந்தது. ஆனால் அதோடு கூட, நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்காத கந்தகச் சேர்மங்கள் கருவி வரைந்த படத்தில் கோடு கோடாக எழுந்து நின்றன. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வேறு ஏதோ எண்ணெய் கலந்திருக்கிறது, உலகத்தில் யாரும் பார்க்காத எண்ணெய்! "நல்லாப் பாத்தியா?" என்று பேராசிரியர் கேட்டார். "மூணு தடவை ஓட்டிட்டேன் சார்" என்றேன். தப்பை மூன்று தடவை ஓட்டினால் மூன்று தடவையும் அதே தப்புதான் வரும் என்பது அப்போது தெரியவில்லை. வாரக்கணக்கில் கடலிலும் வெயிலிலும் கிடந்த தாரில் இவ்வளவு லேசாக ஆவியாகிற பொருள் எப்படி மிஞ்சும் என்றும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. கட்டுரைக்குத் தலைப்பு யோசிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

அறிக்கை கொடுக்கும் முன் ஒரு கூட்டம் வைத்தார்கள். மீனவர்கள் சார்பில் அந்தச் சேச்சியும் இன்னும் நாலு பேரும் வந்திருந்தார்கள். நான் மூன்று பாட்டில்களையும் மேஜையில் வைத்து, கருவி வரைந்த வரைபடத்தைக் காட்டி, வலையில் இருந்தது கப்பல் எண்ணெயோடு முழுதாகப் பொருந்தவில்லை என்று கம்பீரமாகச் சொன்னேன். உடனே ஓர் அதிகாரி, "அப்போ வலையில வேற எங்கிருந்தோ கொண்டுவந்து தேச்சிருக்காங்க, அப்படித்தானே?" என்றார். சேச்சியின் முகம் செத்துப்போனது. நான் குனிந்து வரைபடத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். வரைபடம் பொய் சொல்லாதே!

சேச்சி நேராக மேஜைக்கு வந்து, மூன்றாம் நம்பர் பாட்டிலைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். "சாரே, இது காயமல்லே?" என்றார்.

பதறிப்போனேன். "எங்கே காயம்? கையைக் காட்டுங்க!"

"கையிலல்ல சாரே, குப்பியில! சாம்பார்ல போடுமே, அந்தக் காயம்!"

பேராசிரியர் பாட்டிலை வாங்கி முகர்ந்தார். பிறகு மெதுவாக என் பக்கம் சாய்ந்து என்னையும் முகர்ந்தார். "நான் இத்தனை நாளா கேக்கணும்னு இருந்தேன். நீ எங்கப்பா தங்கியிருக்கே?"

அந்த நிமிஷம் டப்பா ஞாபகம் வந்தது. பெருங்காயத்தின் நெடியே கந்தகச் சேர்மங்களால் வருவதுதான். காது மடல் வரை சூடேறியது. மழுப்ப வழி இல்லாமலில்லை. சோதனை முடியவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் சேச்சி என்னையே பார்த்துக்கொண்டு, "நாங்க மீன் பிடிக்கான் போறதா, சாம்பார் வைக்கானா?" என்று கேட்டதும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். முதலில் சிரித்தது அந்த அதிகாரிதான். பிறகு அறையே சிரித்தது. சேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

மறுநாள் சுத்தமான பாட்டிலோடு வலியதுறைக்குப் போனேன். சேச்சி முதலில் பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வலையைத் தொடவிட்டார். இந்தத் தடவை ஒரு கோடுகூட விலகாமல் கப்பல் எண்ணெயோடு பொருந்தியது. அறிக்கை அப்படியே போனது. கப்பல் கம்பெனிக்காரர்கள் இழுத்தடித்தாலும் கடைசியில் அவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது.

இப்போது நானும் அறிக்கைகளில் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்துவிட்டேன். நாணயமான ஒரு பெண்ணைப் பொய்க்காரியாக்கியிருக்கக்கூடிய ஒரு தாளில் என் பெயர் இருந்திருக்கும் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதனால் பாதிக்கப்படுகிறவர் என்ன சொல்கிறார் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.