உள்கூடு எட்டு அடி

என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் மனையைப் பிரித்துக்கொண்டபோது எங்கள் மாட்டுக் கொட்டகையின் பின்சுவர் கொழுந்தனார் பங்கில் இரண்டடி உள்ளே நின்றது. பல வருடமாக யாரும் அதைப் பேசவில்லை. போன வருடம் கொழுந்தனார் டிராக்டர் வாங்கினார்.

“மதினி, வண்டி திரும்ப மாட்டேங்குது. சொவர ரெண்டடி மட்டும் உள்ள தள்ளிக் கட்டிக்கங்க” என்றார்.

தன் இடத்தைத்தான் கேட்டார். நாங்களும் முகம் கோணாமல் சம்மதித்தோம்.

கொட்டகையின் உள்கூடு, சுவருக்குச் சுவர் உள்ளளவு, பதினோரு அடி. கொத்தனார் டேப்பைப் பிடித்துவிட்டு, இனி ஒன்பது வரும் என்றார். வீட்டுக்குள் போய்த் தினசரி காலண்டரின் அட்டையைத் திருப்பினேன். மனையடிப் பலனில் ஒன்பதுக்கு நேரே நல்ல வார்த்தை இல்லை, எட்டுக்கு இருந்தது. வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

“இன்னும் ஒரு அடி உள்ள தள்ளிருங்க” என்றேன்.

“மனுசர் படுக்குற வீட்டுக்குத்தேன் தாயி அதெல்லாம் பாப்பாக. தொழுவத்துக்கு யாரு பாத்தா? தீவனக் காடியே ரெண்டடியப் புடிச்சுக்கிரும். மாடு எங்கிட்டு நிக்கும்?” என்றார் கொத்தனார்.

நான் பிடித்த பிடியில் நின்றேன். சுவர் எட்டடியில் எழும்பியது. கொழுந்தனார் கேட்காத அந்த ஓரடி வெளியே சும்மா கிடந்தது. மிஞ்சிய செங்கல்லை அதில் அடுக்கினோம்.

மாடு அப்போது ஏழு மாதச் சினை. காடியில் வாய் வைத்தால் பின்பக்கம் சுவரில் உரசியது. பார்த்தேன்தான். வேம்படியில் கட்டிச் சமாளித்தேன். கார்த்திகை அடைமழையில் வெளியே கட்ட முடியவில்லை. ஈனுவதற்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று நினைத்து, ஒருநாள் காலையில் அதை உள்ளே கட்டிவிட்டு மிளகாய்க்குக் களை பறிக்கப் போனேன்.

மத்தியானம் திரும்பும்போது தெருமுனையிலேயே மாட்டின் கதறல் கேட்டது. சுவருக்கும் அதன் பின்னங்காலுக்கும் நடுவே கன்று மடங்கிக் கிடந்தது. கிடேரி. மூக்கில் சவ்வு மூடியபடியே இருந்தது. தாய் திரும்பி நக்கியிருந்தால் விலகியிருக்கும். திரும்ப இடமில்லை. விரலால் வழித்துவிட்டேன், மூக்கில் ஊதினேன், வைக்கோலால் தேய்த்தேன். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொத்தனார்கூட வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

அதன்பிறகு மாடு கொட்டகைக்குள் கால் வைப்பதில்லை. இழுத்தால் வாசலிலேயே ஊன்றிக்கொள்கிறது. நேற்று மறுபடி மழை பிடித்தது. வீட்டுக்காரர் ஜன்னல் வழியே மாட்டைப் பார்த்தபடி சொன்னார்:

“செங்கல்லு அங்கனதான கெடக்கு. அந்த ஒரு அடிய வெளிய தள்ளிக் கட்டிருவமா?”

“ஒம்பது ஆயிருமே” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கை நெஞ்சில் இருந்தது. சும்மா வைத்திருந்தாரா, வலித்ததா என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. வேம்படியில் மாடு நனைந்துகொண்டிருந்தது.