சொக்கு அக்கா துளைத்த கார்டுகள்

கோட்டையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற சொக்கு அக்கா எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டருக்குக் கார்டு துளைக்கும் வேலையில் இருந்தார். தச்சாசாரி வீட்டுப் பெண். வருஷம் 1974. கம்ப்யூட்டர் மதராஸில் இருந்தது. எங்களிடம் துளை போடும் மிஷின் மட்டும். புரோகிராமைத் தாளில் எழுதிக் கொடுத்தால் அக்கா வரிக்கு ஒரு கார்டாகத் துளைப்பார்; அந்தத் துளைகளைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும். ஆபீஸில் இருந்த நான் அவற்றைக் கட்டி ரயிலில் அனுப்புவேன். பதில் வர எட்டு நாள்.

அக்காவுக்குத் தற்காலிக வேலை. ஜூனுக்கு மேல் நீட்டிக்க எங்கள் துறைத் தலைவர் ஞானசம்பந்தம் சார் கையெழுத்துப் போட வேண்டும்.

சாரே அப்போதுதான் புரோகிராம் எழுதப் பழகிக்கொண்டிருந்தார். இரண்டு சொற்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, ஒன்றா வேறா என்று மிஷின் சொல்ல வேண்டும். சோதனைக்கு இரண்டு கார்டிலும் காரைக்குடி என்றே துளைக்கச் சொன்னார். வந்த தாளில் ‘ஒன்று’ என்று ஒரு வரி. அதன் கீழேயே ‘வேறு’ என்று இன்னொரு வரி.

“ஆமாங்குது, அடுத்த வரியில இல்லேங்குது. எங்கயோ தப்பாக் குத்தியிருக்கீக. இப்படி இருந்தா நான் எப்படிக் கையெழுத்துப் போட?”

அக்காவின் முகம் சிறுத்துவிட்டது. இரண்டு காரைக்குடியையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னலுக்கு நேரே பிடித்தார். கன்னத்தில் பொட்டுப் பொட்டாக வெயில் விழுந்தது.

“இங்குட்டு வந்து பாருங்க சார். ஒரு துளையாவது அடைச்சிருக்கா?”

“அப்ப புரோகிராம் கார்டுல இருக்கும்.”

அக்கா டிராயரிலிருந்து சாரின் தாளை எடுத்து, ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரியையும் கார்டோடு ஒத்துப் பார்த்தார். மத்தியானச் சோறு தூக்குச்சட்டியிலேயே கிடந்தது. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. பிறகு கார்டுகளை மேஜையில் பரப்பி, மிஷின் போகிற வழியில் விரலை விட்டார். ‘ஒன்று’ என்று எழுதச் சொல்லும் கார்டுக்கு வந்த விரல், அங்கே நிற்க வழியில்லாமல் அடுத்த கார்டுக்குப் போனது. அது ‘வேறு’.

“சார், ஒண்ணுன்னு சொல்லிட்டு நில்லுன்னு நீங்க எழுதவே இல்லையே. அது பாட்டுக்கு அடுத்ததையும் சொல்லிட்டுப் போகுது.”

சார் தாளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். ‘நில்’ என்று ஒரே ஒரு கார்டுதான் குறைச்சல். அக்கா அதைக் குத்திக் கொடுத்தார்.

எட்டாம் நாள் ‘ஒன்று’ மட்டும் வந்தது. சார் தாளோடு ஆபீஸ் முழுக்க நடந்தார். “சொக்கு கார்டுல தப்பு இருக்காதுன்னு நான் அப்பவே நெனச்சேன். ஆனா பாருங்க, இந்தப் புரோகிராம்ங்கறது...”

அக்கா நீட்டிப்புத் தாளை அவர் முன்னால் வைத்தார்.

“சொல்லியாச்சுல்ல சார், நில்லுங்க. இங்க ஒரு கையெழுத்து.”

சார் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். மை காயும்வரை அக்கா ஊதிக்கொண்டிருந்தார்.