புளி போட்டுத் தேய்த்த பாறைகள்

தீபாவளிக்கு முந்தைய வாரம். பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் தேடியதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதி வீட்டுக்குள் நுழைந்ததும் போனது. என் அறையில் பெட்டிக்குள் இருந்த ஒன்பது பாறைத் துண்டுகளும் பால்கனியில், குத்துவிளக்குகளுக்குப் பக்கத்தில், பளிச்சென்று காய்ந்துகொண்டிருந்தன. என் ஆய்வுக்காகச் சபா மாநிலத்தில் பூமியைத் துளைத்து எடுத்த உருளைகள் அவை. ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்று அதன் மேலேயே மார்க்கரில் எழுதியிருந்தேன். ஓர் எண்கூட மிச்சமில்லை.

“செம்பு இருக்கிற கல்லுன்னு நீதானே சொன்ன,” என்றாள் அக்கா, பெருமையாக. “பூஜை சாமானோட சேர்த்து புளி போட்டு தேய்ச்சிட்டேன்லா. என்னா அழுக்கு தெரியுமா!”

பக்கத்து வீட்டு ஆன்டி கதவைத் திறந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அந்த அழுக்குதான் என் மூன்று வருட உழைப்பு. மறுநாள் பேராசிரியரிடம் காட்ட வேண்டும். படம் எடுத்து வைக்கவில்லையா என்று யாரும் கேட்க வேண்டாம். அந்தக் கோபம் தனி.

தரையில் உட்கார்ந்து அடுக்கத் தொடங்கினேன். “எண் இல்லாம எப்படித் தெரியும்?” என்று அக்கா கேட்டாள். எரிந்து விழுந்துகொண்டேதான் சொன்னேன். கடலடியில் இருக்கும் பூமித் தட்டு நிலத்துக்கு அடியில் புகும்போது தண்ணீரையும் கொண்டுபோகிறது. அந்தத் தண்ணீர் பட்டு ஆழத்துப் பாறை உருகுகிறது. உருகியது மேலேறி, தரைக்குச் சில கிலோமீட்டர் கீழே நின்று ஆறுகிறது. அதிலிருந்து பீறிடும் கொதிக்கும் உப்புநீர் பாறையை நொறுக்கி, விரிசல்களில் செம்பைப் படியவிடுகிறது. அடியில் பாறை இளஞ்சிவப்பாகும், மேலே வெளுக்கும்.

அந்த நிறங்களை வைத்து ஏழு துண்டுகள் வரிசைக்கு வந்தன. செம்பு அதிகமுள்ள நடுத்துண்டுகள் இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருந்தன. எது மேல், எது கீழ்? செம்பு எந்த ஆழத்தில் தங்கியது என்பதுதான் என் ஆய்வே.

“இதெல்லாம் முன்னாடியே சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா?” அக்காவின் குரல் உடைந்திருந்தது. மூன்று வருடமாக அவள் கேட்டபோதெல்லாம், “உனக்குப் புரியாதுலா,” என்று அறைக் கதவைச் சாத்தியவன் நான்.

மறுநாள் எண்கள் எங்கே என்று பேராசிரியர் கேட்டார். வீட்டில் கழுவிவிட்டார்கள் என்று வாய் வரை வந்தது. “என் தப்பு,” என்றேன். வரிசை தெரியாத அந்த இரண்டு துண்டுகளையும் ஆய்விலிருந்து எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

அவை இப்போது அக்காவின் பூஜை அலமாரியில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை அவள் புளி கரைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் மேல் இல்லை.