ஏற்றுக்கொண்டது எத்தனை

மளிகைக்கடைக்காரர் பையை நீட்டியதும் பாரதிப்ரியா வாங்கிக்கொண்டு போய்விடமாட்டாள். கடை வாசலிலேயே பையைப் பிரித்து, தான் கேட்டதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பாள். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கடைக்காரர், "எல்லாம் போட்டாச்சும்மா" என்பார். "போட்டாச்சுன்னா போதாதுங்க. கேட்டதுல எத்தனை போட்டீங்க?" சண்டைக் குரல் இல்லை அது. ஆனால் பதில் வரும்வரை அவள் அங்கேயே நிற்பாள்.

அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்பவர். பொறியியல் முடித்த கையோடு பெங்களூரில் வேலை கிடைத்தும் அவள் போகவில்லை. ஏன் என்று கேட்டால் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "அங்க மீன் நல்லா இருக்காதுங்க" என்பாள். தருமபுரத்தில் சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடக்கும் தெட்சிணாமூர்த்தியின் மென்பொருள் அலுவலகத்தில் சேர்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டுதான் நிரல் எழுதுவாள். எழுதுவது சி மொழியில். தேநீர் ஆறி ஆடை கட்டியபிறகு, அந்த ஆடையை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பாள். சூடாக இருக்கும்போது குடித்ததை யாரும் பார்த்ததில்லை.

அந்த அலுவலகம் மீனவர் சங்கம் ஒன்றுக்கு ஒரு நிரல் செய்து கொடுத்திருந்தது. கரையிலுள்ள சங்கத்தின் வயர்லெஸ் அறையில் ஆறு பெட்டிகள். கடலிலிருந்து அவற்றில் வரும் பேச்சையும், கரையிலிருந்து சொல்லும் பதிலையும் கம்ப்யூட்டரில் பதிவு செய்யவேண்டும். பேச்சை ஒவ்வொரு துண்டாக ஹார்ட் டிஸ்க் வட்டில் எழுதி, முடியும்வரை காத்திருந்தால் அடுத்த பேச்சு தவறிவிடும். அதனால் ஆறு பெட்டிகளின் துண்டுகளையும் ஒரே கட்டாக, கம்ப்யூட்டரை இயக்கும் இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிட்டு, காத்திராமல் அடுத்த பேச்சைக் கேட்கப் போய்விடும்படி தெட்சிணாமூர்த்தி அதை எழுதியிருந்தார். அவருக்கு அதில் பெருமை உண்டு.

2008 ஐப்பசியில் ஒரு மதியம், கவியரசனின் ஃபைபர் படகு நடுக்கடலில் இன்ஜின் நின்று அலையில் அடித்துக்கொண்டு போனது. வயர்லெஸில் கூப்பிட்டான், பதிலே வரவில்லை என்றான். படகு கவிழ்ந்து போயிற்று. மறுநாள் வேறொரு படகு, மிதந்துகொண்டிருந்த அவனைத் தூக்கி வந்தது. அன்று வயர்லெஸ் அறையில் இருந்த மணிவேலோ, கூப்பிட்டது கேட்டது, பதிலும் சொன்னேன், பக்கத்திலிருந்த விசைப்படகுகளுக்கும் அதே பெட்டியிலேயே தகவல் சொன்னேன் என்று சத்தியம் செய்தார். சங்கத்தார் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். கவியரசன் கூப்பிட்ட ஆறாவது பெட்டியில் வெறும் மௌனம். மணிவேல் தூங்கிவிட்டு இப்போது பொய் சொல்கிறார் என்று ஊரே பேசியது. அவரை விலக்குவதாக முடிவானது. அவர் மனைவி குழாயடிக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

இதை அம்மா சொல்லக் கேட்ட பாரதிப்ரியா சோற்றில் வைத்த கையை எடுத்தாள். "மணிவேல் அண்ணன் பேச்சு இல்ல, சரி. கவியரசன் கூப்பிட்டதுமா இல்ல?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. பாரதிப்ரியா நேரே மணிவேல் வீட்டுக்குப் போனாள். அன்று மதியம் அந்தக் கம்ப்யூட்டர் வேறென்ன செய்துகொண்டிருந்தது என்று மட்டும் கேட்டாள். பழைய பதிவுகளையெல்லாம் சிடியில் ஏற்றிக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார்.

மறுநாள் நிரலைத் திறந்தாள். ஒரு கட்டு வேலையைக் கொடுத்தால், அதில் எத்தனையை எடுத்துக்கொண்டேன் என்று இயங்குதளம் ஓர் எண்ணைத் திருப்பிச் சொல்லும். ஆறு கொடுத்தால் பெரும்பாலும் ஆறு. வட்டு திணறி, காத்திருக்கும் வேலைகள் நிறைந்துவிட்டால் ஐந்து என்றும் சொல்லும், மூன்று என்றும் சொல்லும். அது பிழை இல்லை. மிச்சத்தை மறுபடி கொடுக்கவேண்டியது நிரல் எழுதியவர் பொறுப்பு. தெட்சிணாமூர்த்தி, பிழை என்று வந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்திருந்தார். எண்ணைப் பார்க்கவில்லை. மிஞ்சியது காற்றோடு போயிற்று. அந்தக் கட்டின் கடைசியில் இருந்தது எப்போதும் ஆறாவது பெட்டி, ஃபைபர் படகுக்காரர்களுடையது.

பாரதிப்ரியா கூப்பிட்டுக் காட்டியதும் தெட்சிணாமூர்த்தி திரையைப் பார்த்தார். பிறகு, "மாத்தி எழுதி சத்தமில்லாம அனுப்பிடுவோம். வெளிய தெரிஞ்சா நாளைக்கு நமக்கு யாரு வேலை குடுப்பா?" என்றார்.

"மணிவேல் அண்ணனுக்கு யாரு குடுப்பா சார்?"

ஒரு வரிதானே, யாருக்கும் வருகிற தவறுதானே என்றார் அவர். தவறு யாருக்கும் வரும், பழிதான் ஒருத்தர் தலையில் விழுந்திருக்கிறது என்றாள் அவள். சங்கத்துக்குப் போனால் திரும்பி இங்கே வரவேண்டாம் என்றார். அவள் நாற்காலிக்கு அடியில் கிடந்த செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் வயர்லெஸ் அறையில் நிற்க இடமில்லை. தெட்சிணாமூர்த்தியும் வந்து கதவோரம் நின்றார். பாரதிப்ரியா அதே கம்ப்யூட்டரில் சிடியில் ஏற்றும் வேலையை ஓடவிட்டாள். கரையோரம் கட்டியிருந்த ஆறு படகுகளிலிருந்து ஆறு பேர் ஒரே நேரத்தில் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேறொருவரின் படகிலிருந்து ஆறாவது பெட்டிக்குப் பேசியது கவியரசன். அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது. பிறகு பதிவைப் போட்டாள். ஐந்து குரல்கள் கேட்டன. ஆறாவதில் ஒன்றுமில்லை.

சங்கத் தலைவர் இளையபெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இத எழுதுனது யாரும்மா?"

"எங்க ஆபீஸ்" என்றாள். கதவுப் பக்கம் அவள் திரும்பவில்லை. "பதிவுல இல்லன்னா பேசலன்னு ஆயிடாதுங்க. அண்ணன் மேல போட்ட முடிவ மொதல்ல எடுங்க. மத்தத அப்புறம் கேளுங்க."

எடுத்தார்கள். கரையிலிருந்து போன பதில் தன் படகுக்கு ஏன் எட்டவில்லை என்று கவியரசனுக்கு இன்றுவரை தெரியாது. ஆனாலும் படகிலிருந்து இறங்கி வந்த அவன் மணிவேலின் கையைப் பிடித்துக்கொண்டான். விசைப்படகுக்காரர்கள் சிலர் மெல்ல வெளியேறினார்கள். தகவல் தங்களுக்கு வந்ததா இல்லையா என்று அவர்களை இனிமேல்தான் கேட்கவேண்டும்.

மறுநாள் காலை தெட்சிணாமூர்த்தி மாடியேறி வந்தபோது அலுவலகம் திறந்திருந்தது. பாரதிப்ரியா தன் இடத்தில் இருந்தாள். திரையில், எண்ணைப் பார்க்காமல் விட்ட அந்த வரி. அவர் வாசலிலேயே நின்றார். அவள் எழுந்திருக்கவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. மடக்கியிருந்த காலை நீட்டி, சுவரோரம் கிடந்த இன்னொரு நாற்காலியைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.