வேன் ஹாரனும் என் மகள் வயிறும்

பள்ளி வேனின் ஹாரன் தெருமுனையில் கேட்டதும் என் மகள் யாழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அதுதான் முதல் அறிகுறி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை. குறுவை அறுப்புக்கு மெஷின்கள் எங்கள் ஊருக்குள் வந்து இறங்கியிருந்த சமயம். தின்ற இட்லியை வாசலிலேயே வாந்தி எடுத்தாள். வேன் போனதும் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

மறுநாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி வரவில்லை. "ஞாயித்துக்கெழம வயித்துக்கும் லீவு போலருக்கு" என்று என் கணவர் கேலி செய்தார். நானும் சிரித்தேன்.

நான் குடவாசலில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் பெண்கள் எல்லாரும் குடலேற்றம் என்றார்கள் (குதித்து விளையாடும் பிள்ளைக்குக் குடல் இடம் மாறிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை). பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் குடல் தட்டுகிற அம்மாவிடம் அழைத்துப் போனேன். விளக்கெண்ணெய் தடவி, வயிற்றை நீவி, உள்ளங்காலைத் தட்டி அனுப்பினார். அன்று முழுக்க வலியே இல்லை. குடல் இறங்கிவிட்டது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். மறுநாள் காலை ஹாரன் அடித்தது. குடல் மறுபடி ஏறிவிட்டது.

கும்பகோணத்தில் குழந்தை மருத்துவர் ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்தார். எதிலும் குறையில்லை. செயல்பாட்டு வயிற்றுவலி (உறுப்பில் கோளாறு இல்லாமலே வரும் வலி) என்றார்.

"அப்ப நடிக்கிறாளா டாக்டர்?"

"இல்லம்மா. வலி நெசம். காரணம் வயித்துல இல்ல, அவ்வளவுதான். பொய் வலின்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னு பாருங்க."

இதைப் படிக்கிறவர்களில் யாராவது பிள்ளையை "நடிக்காதே" என்று அதட்டிக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அவர் எங்களைத் தஞ்சாவூரில் ஒரு குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அந்த அம்மா பள்ளியில் என்ன நடந்தது என்று நேராகக் கேட்கவே இல்லை. யாழினி என் கடையிலிருந்து ஒரு டப்பா நிறைய பட்டன் கொண்டுவந்திருந்தாள். "ஒங்க கிளாஸ் எப்படி இருக்கும்னு இதுல வச்சுக் காட்டறியா?" என்றார். யாழினி ஒரு சிவப்பு பட்டனை மூலையில் வைத்தாள். மற்றதையெல்லாம் வரிசையாக அடுக்கிக் குப்புறக் கவிழ்த்தாள்.

"இவங்கள்லாம் ஏன் குப்புறப் படுத்திருக்காங்க?"

"அவங்கள்லாம் என்கூட காய்."

"யாரு காய் விடச் சொன்னா?"

யாழினி ஒரு பெரிய கோட்டு பட்டனை எடுத்து முன்னால் வைத்தாள். "மிஸ்."

காய் விடுவது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால் சுண்டு விரலைக் காட்டினால் காய், பேச்சு கிடையாது. தப்புச் செய்தவர் இரண்டு விரலைச் சேர்த்து நீட்டி, மற்றவர் தொட்டால் பழம், மறுபடி சேர்த்தி. பிள்ளைகள் விடும் காய் அடுத்த மணி அடிக்கும்வரைகூடத் தாங்காது. இந்த மகராசி அதை எடுத்துத் தண்டனையாக்கியிருக்கிறார். பள்ளியைப் பார்வையிட வந்த ஒருவர் "மிஸ் நல்லா நடத்துறாங்களா?" என்று கேட்டிருக்கிறார். என் மகள் எழுந்து, "போன் பாப்பாங்க சார்" என்றிருக்கிறாள். அவர் போன பிறகு மிஸ் சொல்லியிருக்கிறார்: "எல்லாரும் யாழினிகூட காய். நான் பழம் சொல்ற வரைக்கும் யாரும் பேசக் கூடாது." அவர் பழம் சொல்லவே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் யாழினி கேட்டாள். "நான் கெட்ட புள்ளையாம்மா?"

அந்த மிஸ் நாசமாய்ப் போக வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பள்ளிக்குப் போய் நின்றேன். "ஐயோ சுமதி, வெளையாட்டுக்குச் சொன்னது. இதப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு" என்றார் மிஸ். பல வருடமாக என் வாடிக்கையாளர். அப்போது அவர் போட்டிருந்த ஜாக்கெட்டும் நான் தைத்ததுதான். முதல்வர், "பசங்கதானே, மறந்துடுவாங்க" என்றார். டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் சேர்த்தேன். ஆலோசகர் சொன்னபடி தலைமை ஆசிரியை வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தியை மட்டும் துணைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். சின்னச் சின்ன முடிவுகளை யாழினியே எடுக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள் என்றும் ஆலோசகர் சொல்லியிருந்தார். என்ன ரிப்பன், என்ன சாப்பாடு என்று அவளையே கேட்டோம். "யோசிச்சுச் சொல்றேன்" என்பாள். காத்திருந்தோம். வாந்தி நின்றது. வலி திங்கட்கிழமைகளில் மட்டும் வந்தது. குறுவைக்குப் பின் நட்ட தாளடிப் பயிர் கதிர் விட்டபோது அதுவும் போயிருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை மிஸ் கடைக்கு வந்தார். கையில் பட்டு ஜாக்கெட் துணிகள்.

"சுமதி, மாசியில பொண்ணுக்குக் கல்யாணம். ஒன்ன விட்டா யாரு தைப்பா?"

நான் பதில் சொல்லவில்லை. என்னோடு தைக்கும் இரண்டு பெண்களுக்கும் விஷயம் தெரியும். அவர்களும் மெஷினை நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். கத்தரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பட்டில் ஒரு இழுப்பு இழுத்துவிடலாம் என்று தோன்றியது உண்மை. ஆனால் துணி எனக்கு என்ன பாவம் செய்தது?

"என்ன, யாருமே பேச மாட்டேங்கறீங்க?" சிரித்துப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டனா?" குரல் இறங்கிவிட்டது. எனக்கு இனித்தது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும் என்றிருந்தது.

உள்ளே பட்டன் கோத்துக்கொண்டிருந்த யாழினி எழுந்து வந்தாள். "மிஸ், அம்மா ஒங்ககூட காய். நீங்கதான் பழம் கேக்கணும்."

மிஸ்ஸின் முகம் வெளிறியது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மெல்லக் குனிந்து இரண்டு விரலைச் சேர்த்து யாழினியிடம் நீட்டினார். "பழமா, பாப்பா?"

யாழினி அந்த விரல்களைப் பார்த்தாள். தொடவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன் மிஸ்" என்றாள்.

என் மகளுக்குக் குணமாகிவிட்டது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

ஜாக்கெட்டுகளை ஒரு குறையுமில்லாமல் தைத்துக் கொடுத்தேன், ஒரு வார்த்தை பேசாமல். நோய் அவளை விட்டுப் போனாலும் வீட்டை விட்டுப் போகவில்லை. இப்போது எந்த வேன் ஹாரன் கேட்டாலும் என் வயிறுதான் சுருட்டிப் பிடிக்கிறது. எங்கள் வீட்டுக் காலைகள் நீண்டுவிட்டன. ஹாரன் ஓய்ந்த பிறகும் சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறேன்.

மிஸ் இன்னும் கடைக்கு வருகிறார். ஒவ்வொரு தடவையும், "பாப்பா யோசிச்சிட்டாளா?" என்று கேட்கிறார். நேற்றும் கேட்டுவிட்டுப் போனார். ராத்திரி சாப்பிடும்போது யாழினியிடம் சொன்னேன்.

"இன்னும் யோசிக்கிறேம்மா" என்றாள் வாய் நிறையச் சோற்றோடு.

"நிதானமா யோசி கண்ணு. ஒண்ணும் அவசரமில்ல" என்று இன்னும் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினேன்.