பியேர் அண்ணை அழித்த மாதங்கள்

பியேர் அண்ணை போய்விட்டார் என்று முதலாளி ரெலிபோனில் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "இண்டைக்கு என்ன மாதம்?" என்றுதான். துக்கத்தில் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். யூன் மாதம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், மெற்றோவில் நின்றபடி இரண்டாம் முறையும் கேட்டேன்.

இந்த நகரத்தின் வில்லரேப் பகுதியில் உள்ள எங்கள் சின்ன அச்சகத்துக்கு வந்துபோன உங்களுக்கு அவரைத் தெரியும். வாசலடி மேசையில் இருந்து பிரெஞ்சு வேலைகளைப் பார்த்தவர். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுகிறவர். அவருடைய தாய்மொழி பிரெஞ்சு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கடல் தாண்டி, தெற்குப் பிரான்சில், ஒக்ஸித்தான் மொழி பேசும் ஒரு கிராமத்தில் பிறந்தவர் அவர். அங்கே 'ஆம்' என்பதற்கு 'ஒக்'. அந்தச் சொல்லை வைத்தே மொழிக்குப் பெயர். நாங்கள் 'ஓம்' என்னும்போதெல்லாம் தலையை நிமிர்த்திப் பார்ப்பார், பாவம்.

எங்கள் வழக்கங்களில் அவருக்குப் பிடித்தது கல்வெட்டு. இறந்தவரின் வரலாறும் பாட்டுமாக முப்பத்தோராம் நாள் நாங்கள் கொடுக்கிற அந்தப் புத்தகத்தை, தமிழ் தெரியாமலே புரட்டிக்கொண்டிருப்பார். வருத்தம் முற்றிவிட்டது என்று டொக்டர் சொன்ன கிழமை என்னிடம் வந்து, தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். தன் மொழியில், இப்போதே. உயிரோடு இருக்கிற மனிசனுக்குக் கல்வெட்டா? விசர்க்கதை கதைக்காதையுங்கோ என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஏசினேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் போன பிறகு இந்த ஊரில் அதில் பிழை பார்க்க யார் இருக்கிறார்கள்?" என்றார்.

சரி என்று தொடங்கினோம். முதலாளி நல்ல மனிதர்; அதுதான் வினையாகிப் போனது. உதவி என்று நினைத்து, அண்ணை இல்லாத நேரம், கொம்பியூட்டரின் பிரெஞ்சுத் திருத்தியால் பக்கங்களை ஒருதரம் திருத்திவிட்டார். 'பெய்ரே' என்ற அவருடைய உண்மைப் பெயர் 'பியேர்' ஆயிற்று. 'விலநோவா' என்ற கிராமம் 'வில்நெவ்' ஆயிற்று. தாய் பாடிய தாலாட்டில் ஒரு சொல் மிஞ்சவில்லை. அவர் அச்சுப்பிரதியை வாங்கி வரிவரியாகப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்தில் வாத்திமார் எங்கள் மொழிக்கு இதைச் செய்தபோது நான் அங்கே நின்றேன். இனி நான் இல்லாதபோது செய்வார்கள்," என்றார்.

அன்றிலிருந்து என்னைப் பக்கத்தில் இருத்திவைத்தார். மொழி விளங்கத் தேவையில்லை, கண் பழகினால் போதும் என்பார். அவருடைய மொழிக்கு இருபத்து மூன்று எழுத்து. 'எல்' எழுத்துக்குப் பின்னாலும் 'என்' எழுத்துக்குப் பின்னாலும் வருகிற 'எச்' எழுத்தை எவரும் பிடுங்க விடக்கூடாது. சத்தத்தின்படி எழுதவேண்டும் என்று அந்த மொழிக்காரருக்குள் ஒரு கட்சி உண்டு. ஊருக்கு ஊர் சத்தம் மாறினாலும் எழுத்து ஒன்றாக நிற்கவேண்டும் என்பது அண்ணையின் கட்சி. யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் கதைக்கிற மாதிரியா எழுதுகிறோம்? எனக்கு அது உடனே பிடிபட்டது.

இறந்த திகதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தோம். அதை நிரப்பப்போகிறவன் நான். எந்த மாதமென்றாலும் நான் பிழைவிடக்கூடாது என்று, தன் மொழியில் பன்னிரண்டு மாதப் பெயர்களையும் அந்த வெறும் இடத்துக்குக் கீழே தானே அடித்துவைத்தார். பிறகு ஒவ்வொரு மாதம் பிறந்ததும், முடிந்த மாதத்தை அழிப்பார். "இதுவும் தப்பியது," என்பார். மே மாதத்தை அவரால் அழிக்க முடியவில்லை, விரல் இடம் கொடுக்கவில்லை. நான் அழித்தேன். அவர் திரையில் அடுத்த பெயரைக் கனநேரம் பார்த்தார். "யூன் என்ற சொல்லின் கடைசியிலும் அந்த 'எச்' இருக்கிறது. கவனம்," என்றார். பேந்து அவர் கடைக்கு வரவில்லை.

கல்வெட்டு குறித்த நாளில் வந்தது. வாங்கியவர்கள் மரியாதையாகப் புரட்டினார்கள், ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. பிழை இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அவரை எண்ணி அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அவருடைய பயம்தான்: என் திகதியைப் பிழையில்லாமல் நிரப்ப யார் இருக்கிறார்கள்? போன ஞாயிறு, டவுன்டவுனில் படிக்கிற என் மகளைக் கூப்பிட்டு, தமிழ் மாதங்களை எழுது பிள்ளை என்றேன். ஏன் அப்பா என்றாள். சும்மா என்றேன். தை, மாசி, பங்குனி என்று எழுதினாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

இப்போது ஆடி நடக்கிறது.